ஓய்வு எழுதிக் கொடுத்தார்கள், கூலி யார் கொடுப்பது?

டிஸ்சார்ஜ் சீட்டோடு ஒரு தாளும் கொடுத்தார்கள். ஜெராக்ஸ் எடுத்து எடுத்து எழுத்து மங்கிப்போன தாள். ஆறு வாரத்துக்குக் கனமான பொருள் தூக்கக் கூடாது. அறுவை செய்த பக்கத்துக் கையில் ஊசி போடக் கூடாது, பி.பி. பார்க்கக் கூடாது. அந்தக் கையில் வெட்டுக்காயம், தீக்காயம், முள் குத்தல் எதுவும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றோட்டமான, சுத்தமான அறையில் ஓய்வெடுக்க வேண்டும். சத்தான உணவு. மன அமைதி.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத்த யாருக்கு எழுதிருக்காங்க பாப்பா?" என்றார்.

மூன்று மாதமாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. பழவேற்காடு ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். வலை கட்டக் கூடாதா என்று கேட்பீர்கள். ஏரியில் வலை கட்ட ‘பாடு’ என்று ஒரு முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். பொது வளத்தைச் சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்ளும் அருமையான ஏற்பாடு என்று ஆய்வுக் கட்டுரைகள் புகழ்வதுண்டு. எனக்கு வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பகிர்வு பட்டினவர்களுக்குள் மட்டும். தலித் மீனவருக்கும் இருளருக்கும் பாட்டில் முறை கிடையாது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்க்கும்போது எல்லோரும் ஒரே பந்தலில்தான் உட்காருகிறோம், உட்காரத்தான் வேண்டும். அதற்காகத் தண்ணீருக்குள் இருக்கும் சாதியைப் பேசாமல் இருக்க முடியாது. பாட்டில் இடமில்லாதவர்களுக்கு மிஞ்சியது அவர்களுடைய கை. அந்தக் கையைத்தான் முள் குத்தாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது தாள். இறாலின் தலையில் இருப்பதே முள்தான்.

பொத்தாம்பொதுவாக மருத்துவமனையைத் திட்ட நான் வரவில்லை. அறுவைக்கு நாங்கள் ஒரு பைசா செலவழிக்கவில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு தரும் முதலமைச்சர் திட்டம் இருக்கிறது, சென்னையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் 1954இல் தொடங்கிய புற்றுநோய் நிலையத்திலிருந்து இன்றுவரை இந்த மாநிலம் கட்டியெழுப்பியது சின்ன விஷயம் அல்ல. ஆனால் அந்த அக்கறை மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகிறது. வாசலுக்கு இந்தப் பக்கம் இருப்பது வீடு. வீடு என்று வந்துவிட்டால் அவரவர் சாதிக்கும் சொத்துக்கும் தக்கபடி.

அறுவைக்கு முன்பு டாக்டர் இரண்டு வழி சொன்னார். கட்டி சின்னது, அதை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்கலாம். அல்லது முலையை முழுவதுமாக எடுத்துவிடலாம். உயிர் பிழைப்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். பெர்னார்ட் ஃபிஷர் அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய ஆய்வின் 20 ஆண்டு முடிவுகள் 2002இல் வெளிவந்தன. முழுவதும் எடுத்தவர்களும் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களும் ஒரே அளவில்தான் உயிரோடு இருந்தார்கள். நான் இதையெல்லாம் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் விளக்கினேன். அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "கரண்டு வைக்க எத்தினி நாளு போவணும்?"

வாரத்துக்கு ஐந்து நாள், மூன்றிலிருந்து ஐந்து வாரம். ஊரிலிருந்து பொன்னேரிக்கு பஸ், பொன்னேரியிலிருந்து மின்சார ரயில், இறங்கி ஆட்டோ. போக வர ஐந்து மணி நேரம். கூடவே ஒரு ஆள். அம்மா விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "எடுத்துரச் சொல்லு" என்றார்.

இதை ‘நோயாளியின் தேர்வு’ என்று கேஸ் ஷீட்டில் எழுதினார்கள். ஒரு பெண்ணின் முலையை எடுப்பதா வைப்பதா என்பதை பொன்னேரி பஸ்ஸும் இறால் விலையும் தீர்மானித்தன. இதற்குப் பெயர் தேர்வு என்றால் மலக்குழியில் இறங்குவதும் தேர்வுதான்.

முலை என்று எழுதுவது சிலருக்கு உறுத்தும். வார்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. ‘அந்த இடம்’ என்றார்கள், ‘மார்பகம்’ என்றார்கள், சொந்தக்காரர்களிடம் ‘கைல கட்டி’ என்று சொல்லச் சொன்னார்கள். முலையைத் திருகி எறிந்து ஊரை எரித்தவளுக்குக் கடற்கரையில் சிலை வைத்த நாடு இது. திருவிதாங்கூரிலோ நாடார் பெண்கள் அதை மூடிக்கொள்ளும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். 1859இல் அரசர் அனுமதித்தபோதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதித்தார். நம் பெண்களின் முலை ஊர் பார்க்க இருந்தது, பால் கொடுக்க இருந்தது. நோய் வந்தால் மட்டும் அதற்குப் பெயர் கிடையாது. பெயர் சொல்ல முடியாததை யாரிடம் காட்டுவது? அம்மா அந்தக் கட்டியைப் பதினொரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டை எப்படித் தயார் செய்தோம் என்பதையும் சொல்கிறேன், இனி போகிறவர்களுக்கு உதவும். பரண் மேல் இருந்த பாத்திரங்களை எல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைத்தோம். பின்பக்கம் கொக்கி வைத்ததோ தலை வழியாகப் போடுவதோ ஆகாது என்பதால் முன்பக்கம் திறக்கும் பருத்தி ரவிக்கை மூன்று, ஒரு சுற்று தளர்த்தித் தைத்தோம். முன்னால் ஜிப் வைத்த நைட்டி இரண்டு. கையைத் தாங்கி வைக்கச் சின்னத் தலையணை. அக்குளுக்குக் கீழிருந்து வரும் குழாயையும் அதன் முனையில் தொங்கும் குடுவையையும் குளிக்கும்போது கழுத்தில் மாட்ட நாடா. ஒரு மூட்டை அரிசி. அடுத்து, தண்ணீர்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மீஞ்சூர் சுற்றுவட்டாரத்து நிலத்தடி நீரைப் பல பத்தாண்டுகளாகச் சென்னைக்கு இறைத்தார்கள். இறைத்த வெற்றிடத்தில் கடல் உள்ளே வந்தது, கிணறுகள் உப்பாயின. பிறகு காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. 2010லிருந்து ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் திறன். அதுவும் சென்னைக்கு. எங்கள் தெருவுக்கு லாரி வரும், வந்தால் குடம் தூக்க வேண்டும். நிறைந்த குடம் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. கனம் தூக்காதே என்று எழுதித் தந்த ஊரில் குழாயைத் திறந்தால் எங்கள் மண்ணின் தண்ணீர் கொட்டுகிறது. எங்கள் வீட்டில் அம்மா குடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குடுவையை மஞ்சப்பையில் போட்டு முந்தானைக்குள் மறைத்து ரயிலில் கூட்டி வந்தேன். அடுத்த இரண்டு வாரம் நான்தான் நர்ஸ். காலையும் மாலையும் கை கழுவி, குழாயை மேலிருந்து கீழாக நீவி, குடுவையைத் திறந்து அளந்து, கொட்டி, மறுபடி அமுக்கி மூட வேண்டும். ஆய்வேட்டுக்கு வைத்திருந்த நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்: 140, 110, 95, 60, 70, 45. முப்பதுக்குக் கீழே தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் குழாயை எடுப்பார்கள். எழுபது ஏன் ஏறியது என்று யாரைக் கேட்பது? தாளில் இருந்த எண்ணுக்கு அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. முந்தின நாள் நான் குளிக்கப் போன நேரத்தில் அம்மா குடம் தூக்கியிருக்கிறார். அவரே பிறகு சொன்னார்.

விடுப்பு கேட்டபோது என் நெறியாளர், "அண்ணி, தங்கச்சி யாரும் இல்லையா?" என்றார். முனைவர் பட்ட விதிகளில் பெண்களுக்கு மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கென்று 240 நாள் இருக்கிறது. வரவேற்கிறேன். பெற்றவளைப் பார்த்துக்கொள்ள ஒரு நாள்கூட இல்லை. பராமரிப்பு என்பது ஏதோ ஒரு பெண் சும்மா செய்துவிடுவது என்று விதி எழுதியவருக்குத் தோன்றியிருக்கிறது. காசு உள்ள வீட்டில் அந்தப் பெண் ஏஜென்சி வழியாக வருகிறாள். அவளும் எங்கள் தெருவிலிருந்துதான் போகிறாள் என்பது வேறு விஷயம்.

தெருவையும் விட்டுவைக்க மாட்டேன். எதிர்வீட்டு அத்தை அம்மாவுக்குத் தனி டம்ளரில் டீ கொடுத்தார். டீக்கடை டம்ளருக்காக வழக்கு நடத்திய தெரு எங்கள் தெரு! புற்றுநோய் ஒட்டாது என்று நான் சொன்னதும் அத்தை அழுதுவிட்டார். மறுநாளிலிருந்து அவர்தான் எங்களுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்.

ஒரு தோழர் அக்டோபர் மாதம் இளஞ்சிவப்பு ரிப்பனோடு நிலைத்தகவல் போட்டு, ‘உங்கள் அம்மா ஒரு போராளி’ என்று என்னையும் சேர்த்திருந்தார். நல்ல மனதோடுதான் போட்டார். ஆனால் தோழர்களே, யோசித்துப் பாருங்கள்: அம்மா போராளி இல்லை, கூலி இல்லாத நோயாளி. அவரைப் போராளி ஆக்கிவிட்டால் ஓய்வு தரவேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போகிறது. ரிப்பன் கட்டுகிறவர்கள் ‘சீக்கிரம் கண்டுபிடியுங்கள்’ என்கிறார்கள். யார் கண்டுபிடிப்பது? மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி 20 ஆண்டு நடத்திய ஆய்வு இருக்கிறது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள். மேமோகிராம் கிடையாது; பயிற்சி பெற்ற உள்ளூர் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதான். 50 வயதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. 2021இல் வெளிவந்த முடிவு. ஏரிக்கரைக் குப்பங்களிலும் காலனிகளிலும் அதே தெருப் பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்ப எந்த இயந்திரமும் வாங்க வேண்டாம்.

ஐந்தாம் வாரம் நான் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்த அன்று அம்மா ஏரியில் இறங்கினார். வீட்டில் காசு தீர்ந்திருந்தது, என் உதவித்தொகை வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. இடது கை நடுவிரலில் இறால் முள். அன்றிரவே குளிர் காய்ச்சல். விடிவதற்குள் கை முழங்கை வரை சிவந்து வீங்கிவிட்டது. அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்த கையில் நிணநீர் வடிய வழி குறைவு. சின்னக் காயமும் கை முழுக்கப் பரவும். ஆறு நாள் மறுபடியும் படுக்கை. ஊசி போட்ட மருத்துவர் என்னைப் பார்த்து, "பி.எச்டி. படிக்கிறீங்க, அம்மாவைப் பாத்துக்கத் தெரியாதா?" என்றார். கேஸ் ஷீட்டில் ‘கவனக்குறைவு’.

வங்கக் கடலில் ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீனுக்கு இனம் பெருக ஓய்வு வேண்டும் என்று அரசு ஒப்புக்கொள்கிறது. அந்த நாட்களில் அடுப்பெரிய மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறது. போதாதுதான், ஆனாலும் ஓய்வுக்குக் கூலி உண்டு என்ற கொள்கை அரசாணையிலேயே இருக்கிறது. அதை முலை எடுத்த பெண்ணுக்கும் நீட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம். ஆறு வாரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி, டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே வங்கிக் கணக்கில். கூடவே, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. அறுவை முடிந்து ஊர் திரும்பும் பெண்ணின் பெயர் மருத்துவமனையிலிருந்தே அந்தப் பட்டியலில் ஏறட்டும். குடுவையை அளக்க ஒரு செவிலியர், தோளை அசைக்கச் சொல்லித்தர ஒரு ஆள் வரட்டும்.

அந்தத் தோள் பயிற்சியை இப்போது நாங்களே செய்கிறோம். சுவரை ஒட்டி நின்று விரல்களால் நண்டு மாதிரி மேலே ஏற வேண்டும். எட்டிய உயரத்தில் கரிக்கட்டியால் கோடு போடுகிறேன். வலது கைக் கோடு கூரை ஷீட்டுக்குக் கொஞ்சம் கீழே. இடது கைக் கோடு அதற்கு ஒரு சாண் கீழே நிற்கிறது. காய்ச்சல் வருவதற்கு முன்பு அரைச் சாண்தான் வித்தியாசம்.

வருகிற திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாளில் மனு கொடுக்கப் போகிறோம். எங்கள் தெருவிலும் பக்கத்துக் குப்பத்திலுமாக ஐந்து பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். குப்பத்துப் பெண்கள் இரண்டு பேர் பட்டினவர்கள். அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் திங்கட்கிழமை இறால் விலை என்ன போகும் என்று நேற்றிலிருந்து விசாரித்துக்கொண்டும் இருக்கிறார்.