புரவிக்கு வயல் மண் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊரில் புரவியெடுப்புக்குப் பிடிமண் கொடுத்தாகிவிட்டது. கண்மாயில் இன்னும் தண்ணீர் நிற்பதால், என் நஞ்சையின் ஒரு மூலையில் மண் எடுத்துக்கொள்ளட்டுமா என்று வேளார் கேட்கிறார். கொடுத்தால் வயல் கெடுமோ என்று பயம். மறுத்தால் ஊரில் பேச்சு வரும். என்ன செய்வது?
– சிவகங்கை மாவட்ட வாசகர்

பதில்: முதலில் எவ்வளவு மண் வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். ஒரு டிராக்டர் லோடு ஏறத்தாழ 3 கன மீட்டர். 2 அடி ஆழம் எடுத்தால் இரண்டு லோடுக்குக் கால் சென்ட் இடம் போதும். பயந்த அளவுக்கு இல்லை, பார்த்தீர்களா? செங்கல் சூளைக்கு மேல்மண்ணை விற்றுவிட்டு, நான்கு போகம் நெல் தூர் கட்டாமல் தவித்த ஒருவரை எனக்குத் தெரியும். அது வேறு கதை. அங்கே போனது வயல் முழுவதும் உள்ள மேல்மண்.

மேலே உள்ள ஓர் அடி மண்ணில்தான் உங்கள் தொழுவுரமும் நுண்ணுயிர்களும் இருக்கின்றன. அதை வெட்டித் தனியாகக் குவியுங்கள். வேளாருக்கும் வேரும் சருகும் கலந்த அந்த மண் வேண்டாம். அடியில் உள்ள களிதான் வேண்டும். வரப்பிலிருந்து 3 அடியாவது தள்ளி வெட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று முக்கியம். வருடக்கணக்காகச் சேற்றுழவு செய்த வயலில் உழவு ஆழத்துக்குக் கீழே ஓர் இறுகிய அடுக்கு இருக்கும். தண்ணீரைத் தாங்குவது அதுதான். வெட்டிய இடத்தில் அது உடைந்துவிடும். அதனால் வாய்மடை பக்கம் வேண்டாம், மேட்டு மூலையாகப் பாருங்கள். குழியில் வேறு மண்ணைப் போட்டு மிதித்து இறுக்கி, அதன் மேல் குவித்த மேல்மண்ணைப் பரப்புங்கள். தக்கைப்பூண்டு விதைத்து 45 நாளில் மடக்கி உழுங்கள். அந்த மூலையை மட்டும் இரண்டு சால் கூடுதலாகச் சேறடியுங்கள்.

வேளாருக்காகவும் ஒன்று பார்க்கவேண்டும். மண்ணில் சுக்கான் இருந்தால் குதிரை சூளையில் நன்றாகவே வேகும். ஆனால் வெந்த சுக்கான் சுண்ணாம்பாகி, காற்றின் ஈரத்தை இழுத்து ஊதி, சில நாளில் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். ஊர் கூடித் தூக்கிப்போகிற நாளில் புரவியின் கழுத்தில் பள்ளம் விழுந்தால் யாருக்கு வருத்தம்? காய்ந்த கட்டியில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் அந்த இடம் வேண்டாம்.

அடுத்து, பிசைந்த மண்ணில் 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை செய்து நிழலில் காயவிடுங்கள். 9 செ.மீ.க்கும் கீழே சுருங்கினால் மணல் கூட்டவேண்டும். கரிசல் கலந்த மண் இப்படித்தான் சுருங்கி வெடிக்கும். எவ்வளவு மணல், எவ்வளவு உமி என்பது அவர் கை அறியும். நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

மண் எடுக்குமுன் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவித்து, அனுமதி வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜேசிபி வேண்டாம், மண்வெட்டி போதும்.

கண்மாய் வற்றியதும் வேளாரையும் கூட்டிக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். அனுமதிக்கப்பட்ட கண்மாய்களில் மண்பாண்டத் தொழிலுக்கு 60 கன மீட்டர் வரை கட்டணமில்லாமல் எடுக்கலாம். உங்கள் நஞ்சைக்கும் ஏக்கருக்கு 75 கன மீட்டர் வண்டல் கிடைக்கும். அதில் முதல் லோடை அந்த மூலையில் கொட்டுங்கள்.