ஆவணமும் அதைத் தந்தவரும்

சித்ரா சுப்ரமணியத்தைப் பற்றி இந்த இதழில் எழுதக் காரணம் போபர்ஸ் மட்டுமல்ல. 1987இல் அந்த விவகாரம் வெடித்தபோது அவர் ‘தி இந்து’வுக்கு ஜெனிவாவிலிருந்து எழுதிவந்த பகுதிநேரச் செய்தியாளர். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் திருப்பத்தூரிலும் நம்மில் பலர் இன்று இருக்கும் நிலையும் அதுவே.

1986 மார்ச் 24 அன்று இந்திய அரசுக்கும் ஸ்வீடனின் போபர்ஸ் நிறுவனத்துக்கும் இடையே 410 ஹோவிட்சர் பீரங்கிகளுக்கு 1,437 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1987 ஏப்ரல் 16 அன்று, இதில் லஞ்சம் கைமாறியதாக ஸ்வீடன் வானொலி சொன்னது. அரசு மறுத்தது. அறிக்கையும் மறுப்பும் மாறிமாறி வந்துகொண்டிருந்த நாட்களில் சித்ரா தேடியது ஆவணத்தை. ஸ்வீடன் விசாரணைக்குத் தலைமை தாங்கிய காவல்துறை அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோமின் நம்பிக்கையை மெல்ல மெல்லப் பெற்றார். அவர் வழியாக 350க்கும் மேற்பட்ட ஆவணங்கள் கைக்கு வந்தன. 1988 முதல், ‘தி இந்து’வின் என். ராமுடன் சேர்ந்து அந்த நாளிதழில் அவற்றை வெளியிட்டார். 1989இல் அந்த நாளிதழ் வெளியீட்டை நிறுத்தியது. ராம் அதை வெளிப்படையாகவே எதிர்த்தார். சித்ரா ஆவணங்களோடு ‘இந்தியன் எக்ஸ்பிரஸு’க்கும் பிறகு ‘ஸ்டேட்ஸ்மனு’க்கும் போனார்.

இவையெல்லாம் பலருக்கும் தெரிந்தவை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டியது 2012 ஏப்ரலில் நடந்ததை. ஆவணங்களைத் தந்தவர் தான்தான் என்று லிண்ட்ஸ்ட்ரோம் அப்போதுதான், அவராகவே முன்வந்து ஒரு பேட்டியில் சொன்னார். கால் நூற்றாண்டுக்குச் சற்றே குறைந்த அந்தக் காலம் முழுக்க அவர் பெயர் சித்ராவின் வாயிலிருந்து வரவில்லை. அதே பேட்டியில் லிண்ட்ஸ்ட்ரோம் இன்னொன்றும் சொன்னார்: அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி லஞ்சம் வாங்கியதற்குச் சான்று இல்லை, ஆனால் உண்மை மூடிமறைக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு அவர் சும்மா இருந்தார். அமிதாப் பச்சன் பெயர் இந்த விவகாரத்தில் வேண்டுமென்றே நுழைக்கப்பட்டது என்பதும் அந்தப் பேட்டியில் வந்தது. ஊழலை வெளிக்கொணர்பவருக்குக் கை துறுதுறுக்கும் இடம் இதுதான். தாளில் ஐந்து பெயர் இருந்தால் ஆறாவதையும் ஊரே சொல்லும். ஊர் சொல்வதை எழுதினால், தாளில் உள்ள ஐந்து பேரும் அந்த ஆறாவது பெயரின் மறைவில் தப்பிவிடுவார்கள்.

நம் வட்டாரத்துக்கு வருவோம். இங்கே பீரங்கி இல்லை, கண்மாய் இருக்கிறது. தூர்வாராமல் பில் பாஸான கண்மாய், போட்ட மழைக்காலத்திலேயே பெயர்ந்த சாலை, ஒரே கையில் சுற்றிவரும் டெண்டர். ஒப்பந்ததாரர் ஒரு கட்சிக்காரர். அவர் மைத்துனர் நம் பத்திரிகையின் விளம்பரதாரர். இருவரும் நம் வீட்டு விசேஷத்துக்கு வருகிறவர்கள். டெல்லி நிருபருக்கு இல்லாத நெருக்கடி இது. ஆனாலும் 1920இல் இதே காரைக்குடியில் ‘தன வைசிய ஊழியன்’ தொடங்கியவர்கள் தங்கள் சமூகத்தின் பழக்கங்களையே அதன் முகத்துக்கு நேரே கண்டித்து எழுதினார்கள். வீதியில் மறுநாள் யாரைச் சந்திக்க வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

சட்டம் நமக்கு ஓரளவு துணை. ‘நக்கீரன்’ இதழ் வழக்கில் 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, அரசு ஊழியரின் பணி தொடர்பான செய்திக்கு அவர் அவதூறு இழப்பீடு கேட்டால், செய்தி பொய் என்பதோடு உண்மையைப் பற்றிக் கவலைப்படாமல் அது எழுதப்பட்டது என்பதையும் அவர் நிரூபிக்க வேண்டும். முறையாகச் சரிபார்த்தோம் என்று காட்டினாலே நமக்குப் போதும். செய்தி தந்தவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்ற பாதுகாப்பு, 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரஸ் கவுன்சில் முன்னால் உண்டு. நீதிமன்றத்தில் அது செல்லாது. ஆகவே அவரைக் காக்கும் பொறுப்பு நம்முடையது.

இந்த விஷயத்தில் நாம் அசட்டையாக இருக்கிறோம். ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த எம்-புக் (பணி அளவுப் பதிவேடு) பக்கத்தைப் படமெடுத்து அப்படியே செய்தியில் போடுகிறோம். ஓரத்தில் உள்ள பென்சில் குறியை வைத்தே எந்த மேசையிலிருந்து போனது என்று மாலைக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதைத் தந்த எழுத்தருக்கு இடமாற்றம், விசாரணை. நமக்கு ஒருநாள் பெயர். அதற்குப் பதிலாக, எந்தப் பணி, எந்த ஆண்டு என்பதை மட்டும் அவரிடமிருந்து தெரிந்துகொண்டு, அதே பக்கத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் குறிவைக்காமல் அந்த ஆண்டின் எல்லாப் பணிகளுக்கும் சேர்த்துக் கேளுங்கள். பணியிடத்தை நேரில் பார்வையிடவும், சாலையில் போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் அந்தச் சட்டத்தின் பிரிவு 2(j) உரிமை தருகிறது. 30 நாள் ஆகும். மறுத்தால் மேல்முறையீட்டுக்கு இன்னும் கூடுதலாக ஆகும். அதுவரை செய்தியை நிறுத்தி வையுங்கள். அச்சில் வருவது அலுவலக முத்திரையிட்ட அந்த நகலாகவே இருக்கட்டும்.