பாலைவனப் பந்தயமும் பிறர் உயிரும்

பாரிஸ் நகரத்திலிருந்து புறப்பட்டு, ஸஹாரா பாலைவனத்தைக் கடந்து, ஸெனகல் தேசத்து டக்கார் நகரத்தில் முடிவதாக 1978-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஆரம்பமான மோட்டார்ப் பந்தயத்தை வாசகர்களில் பலர் அறிந்திருக்கக்கூடும். 2009-ல் தென்னமெரிக்காவுக்கும் 2020-ல் ஸவூதி அரேபியாவுக்கும் இடம் மாறிய பின்னும் டக்கார் என்ற பெயர் மாறவில்லை, உயிர்ச்சேதமும் நிற்கவில்லை. இதை அடியோடு ஒழிக்க வேண்டுமென்பது ஒரு சாரார் கூற்று. வீரர்களின் இஷ்டத்தில் தலையிட எவருக்கும் பாத்தியமில்லையென்பது மற்றொரு சாரார் கூற்று. நமது அபிப்பிராயத்தில் இரு கக்ஷியாரும் முக்கியமான ஒரு பேதத்தைக் கவனியாது விட்டனர்.

பந்தயத்தின் ஸ்தாபகரான தியெரி ஸபீன், 1986-ல் பந்தயம் நடந்துகொண்டிருக்கையிலேயே மாலி தேசத்தில் ஹெலிகாப்டர் விபத்தில் மாண்டார். 2020-ல் இந்தியக் கம்பெனியொன்றின் அணியில் சென்ற போர்த்துகேய வீரர் பாவ்லோ கொன்ஸால்வெஸ் உயிர் துறந்தார். மறு வருஷம் நம் நாட்டு வீரர் ஸி. எஸ். ஸந்தோஷ் பலத்த காயமுற்று, நினைவிழந்த நிலையில் ரியாத் ஆஸ்பத்திரி சேர்ந்து, பின்னர் பிழைத்தெழுந்தார். இவர்கள் அபாயத்தை அறிந்து, மனமார ஏற்றவர்கள். தானே விரும்பி ஏற்ற தீங்குக்கு வழக்கில்லையென்பது சட்டம் அறிந்தோர் யாவரும் ஒப்பும் நியாயம். அத்தகையோரைத் தடுப்பது நம் வேலையன்று. மோட்டார் சைக்கிள் வீரர்கள் காற்றுப்பை பொருத்திய சட்டை அணிய வேண்டுமென்று 2021-ல் விதித்தது போன்ற காப்பு முறைகளே அவர்கள் விஷயத்தில் போதும்.

ஆனால் 2006-ம் வருஷம் ஜனவரியில் கினியில் பத்து வயதுச் சிறுவனும், மறுநாள் ஸெனகலில் பன்னிரண்டு வயதுச் சிறுவனும் பந்தய வண்டிகளில் அடிபட்டு இறந்தனரே, அவர்கள் எந்தப் பத்திரத்தில் கையொப்பமிட்டார்கள்? வெற்றி கிடைத்தால் அவர்களுக்குப் பங்குண்டா? அந்நியன் ஒருவன் புகழுக்காக அதிவேகமாய்ச் செல்லும் பாதை, கிராமத்தானுக்கு அன்றாடம் நடந்துசெல்லும் வழியன்றோ?

2007-ம் வருஷ இறுதியில் மௌரித்தானியாவில் பிரெஞ்சுப் பிரயாணிகள் நால்வர் கொல்லப்பட்டு, பந்தயத்துக்கும் பயமுறுத்தல் வந்தபோது, புறப்படுவதற்கு முந்தின தினம் 2008-ம் வருஷப் பந்தயமே ரத்து செய்யப்பட்டது. அது தக்க காரியமே. அதை நாம் குறை கூறோம். எனினும், சிறுவர் இருவர் மாண்டதற்கு மறு வருஷமே, 2007-ல், பந்தயம் மீண்டும் ஆப்பிரிக்காவில் நடந்தது. பந்தயக்காரர் உயிருக்கு ஒரு நிறையும் கிராமத்துக் குழந்தையின் உயிருக்கு வேறொரு நிறையும் வைத்து நிறுக்கும் தராசு நீதியின் தராசாகாது.

ஜனவாஸமுள்ள இடங்களில் வேகத்தைக் கட்டுப்படுத்தி, மீறுவோருக்குத் தண்டனை விதிக்கும் முறை இப்போது வழக்கத்திலிருக்கிறது. அரேபியாவின் குடிகளற்ற மணற்பரப்பு இதற்கு அனுகூலமே. அதனினும் ஒரு படி மேலே செல்லவேண்டுமென்கிறோம். குடிகளைக் காக்க வழியில்லாத பாதையில் பந்தயமே கூடாது. தன் உயிரைப் பணயம் வைப்பது தீரம். பிறன் உயிரை அவனைக் கேளாமல் வைப்பது அநீதி.