ஏரிப் பாசியின் விஷமும் உயிர்ப் பரீட்சையும்

கோடையில் வற்றித் தேங்கிய ஏரி குளங்களில் பச்சைச் சாயம் கரைத்தாற்போல ஒருவகைப் பாசி பெருகுவதையும், அது காற்றினால் ஒரு கரையில் ஏடுபோல ஒதுங்குவதையும் குடியானவர்கள் யாவரும் அறிவர். இதுவே நீலப்பச்சைப் பாசி. இது சில சமயம் விஷமுள்ளதாயும் சில சமயம் விஷமற்றதாயும் இருக்கும். நிறத்தையோ நாற்றத்தையோ கொண்டு இதை நிர்ணயிக்க இயலாது. ஜலத்தைக் காய்ச்சினாலும் இவ்விஷம் நீங்குமென்று நம்பலாகாது.

1878-ம் வருஷத்தில் ஆஸ்திரேலியாவிலுள்ள அலெக்ஸாண்ட்ரினா ஏரியின் ஜலத்தைக் குடித்த ஆடுகளும் குதிரைகளும் மாண்டன. ஜார்ஜ் பிரான்ஸிஸ் என்பவர் அப்பாசியை ஓர் ஆட்டிற்குப் புகட்டினார். அது 15 மணி நேரத்தில் இறந்தது. பிற்காலத்தில் ஆட்டிற்குப் பதிலாகச் சுண்டெலிகளுக்குப் பாசிச் சாற்றை ஊசிமூலம் செலுத்திப் பார்த்தனர். இப்பொழுதோ நன்னீரில் வாழும் டாப்னியா என்னும் தெள்ளுப்பூச்சியும், உப்பளங்களில் காணும் ஆர்ட்டீமியா என்னும் சிற்றிறாலுமே இவ்வேலைக்குப் போதுமானவை. சாற்றைப் பல அளவுகளில் ஜலத்திற் கலந்து, ஒவ்வொன்றிலும் இவற்றின் குஞ்சுகளை எண்ணி விட்டு, 24 அல்லது 48 மணி நேரத்திற்குப்பின் இறந்தவற்றைக் கணக்கிடுவர். சாறு கலவாத ஜலத்திலும் அவ்வாறே விட்டு ஒப்பிடுவது அவசியம்.

பூச்சி செத்தால் மாடும் சாகுமோ என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பூச்சி பிழைத்தது என்பதால் ஜலம் மாட்டிற்கு நல்லதென்று உறுதி கூற இயலாது. ஆகையால் ரசாயனப் பரீட்சையும் வேண்டும். ஆனால் ரசாயனம் தான் தேடும் விஷத்தை மாத்திரமே காட்டும். பெயர் தெரியாத விஷத்தையும் உயிர் காட்டிக் கொடுக்கும். குயீன்ஸ்லாந்தின் பாம் தீவில் 1979-ம் வருஷம் குடிநீர்த் தேக்கத்துப் பாசியை அழிக்க மயில்துத்தம் இட்டனர். சில நாட்களில் 148 பேர், பெரும்பாலும் குழந்தைகள், நோயுற்றனர். அத்தேக்கத்துப் பாசியில் விஷமுண்டென்பதை 1985-ல் சுண்டெலிப் பரீட்சை காட்டிற்று. அவ்விஷத்தின் ரசாயன அமைப்போ 1992-ல்தான் வெளியாயிற்று.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியவை இரண்டு. முதலாவது, பாசி படர்ந்த குளத்தில் மயில்துத்தத்தைக் கொட்டலாகாது. பாசி மடியும்போது அதனுள்ளிருக்கும் விஷமெல்லாம் ஜலத்திற் கலந்துவிடும். இரண்டாவது, பரீட்சை செய்யாத குளத்தில் மாட்டை இறக்குகிறவர் தம் மாட்டைக்கொண்டே பரீட்சை செய்கிறவராவார். பூச்சியைக்கொண்டு அறியக்கூடியதற்கு ஓர் உழவு மாட்டைப் பலிகொடுப்பானேன்?

ஆகவே, ஒவ்வொரு ஜில்லாவிலும் இப்பரீட்சைக்கு வசதி ஏற்படுத்த வேண்டுமென்பது என் அபிப்பிராயம். பாசி ஏடு கண்டவுடன் கிராம அதிகாரிகள் கால்நடைகளை அக்கரையில் இறங்கவொட்டாமல் தடுத்து, வேறு ஜலத்திற்கு வழிசெய்து, பாசியுடன் கூடிய ஜலத்தைச் சுத்தமான சீசாவில் எடுத்து, வெயில் படாமல் குளிர்ச்சியாக அன்றே பரீட்சைக்கு அனுப்புவார்களாக. முடிவு வரும்வரையில் குடியானவர்கள் பொறுத்திருத்தல் நலம்.