வாடிக்கையாளர் பட்டியல் பங்குதாரரைக் காக்குமா?

கோட்டாறு கம்போளத்தில் பலசரக்குக் கடை நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற வாரம் தன் கைப்பேசியை நீட்டினார். அவர் 400 பங்குகள் வாங்கி வைத்திருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் விளக்கக் குறிப்பு அதில் இருந்தது. "பாருங்க சார், உலகத்துல பெரிய கம்பெனி எல்லாம் இவங்களுக்கு கஸ்டமர். விலை மட்டும் அடியில கிடக்கு" என்றார். பங்காக மாற்றத்தக்க கடன் பத்திரங்களை வெளியிட இயக்குநர் குழு இசைந்திருக்கும் செய்தி, அதே குறிப்பின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. அதை அவர் படிக்கவில்லை.

நாட்டில் டிமேட் கணக்குகள் 2025-இல் 19 கோடியைக் கடந்துவிட்டன. புதிதாகச் சந்தைக்கு வந்தவர்களில் பலர் பெங்களூரு சபெக்ஸ் நிறுவனத்தின் கதையை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாய்க் கசிவையும் மோசடி அழைப்புகளையும் கண்டறியும் மென்பொருள் சபெக்ஸின் தொழில். பல நாடுகளின் முன்னணித் தொலைபேசி நிறுவனங்கள் அதன் வாடிக்கையாளர்கள். 2007-இல் கனடாவின் சிண்டெசிஸ் நிறுவனத்தை வாங்குவதற்காக, சந்தையில் எஃப்.சி.சி.பி. என்று சொல்லப்படும் அந்நியச் செலாவணி மாற்றுப் பத்திரங்களின் மூலம் 18 கோடி டாலர் திரட்டியது. வட்டி 2 விழுக்காடுதான். ஐந்து ஆண்டுகளில் பங்கு விலை ஏறினால் பத்திரதாரர் 600 ரூபாய்க்கு மேற்பட்ட ஒரு விலையில் பங்காக மாற்றிக்கொள்வார். ஏறாவிட்டால் அசலையும் அதற்கு மேல் ஒரு மீட்புத் தொகையையும் டாலரில் திருப்பித் தர வேண்டும். அந்த இரண்டாவது வாய்ப்பை அன்று பெரும்பாலோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2008-இன் நெருக்கடிக்குப் பின் பங்கு 50 ரூபாய்க்கும் கீழே போயிற்று. 2009-இல் பத்திரதாரர்களில் பெரும்பகுதியினர் 30 விழுக்காடு தள்ளுபடிக்கு இசைந்து புதிய பத்திரம் பெற்றார்கள். மாற்று விலை 80.31 ரூபாயாகக் குறைந்தது. கேட்பதற்கு நல்ல பேரம்தான். ஆனால் மீட்புத் தொகை வளர்ந்துகொண்டே இருந்தது, ரூபாய் சரிந்துகொண்டே இருந்தது. 2007-இல் டாலர் 44 ரூபாய். அந்தக் கணக்கில் 18 கோடி டாலர் என்பது சுமார் 790 கோடி ரூபாய். 2012-இல் மீண்டும் மாற்றியமைத்தபோது 13.1 கோடி டாலருக்குப் புதிய பத்திரம் வந்தது. டாலர் அப்போது 56 ரூபாய். பெருக்கிப் பாருங்கள்: 730 கோடிக்கு மேல். தள்ளுபடி கிடைத்து, இடையில் ஒரு பகுதி பங்காகவும் மாறிய பிறகு இதுதான் மிச்சம்.

2012-இல் மாற்று விலை 22.79 ரூபாய். 2015-இல் அது 13 ரூபாயாக இறக்கப்பட்டது. ஒரு கோடி ரூபாய்க் கடனை 600 ரூபாய் விலையில் பங்காக மாற்றினால் 17,000 பங்குகள்கூட வராது. 13 ரூபாயில் மாற்றினால் ஏழரை லட்சத்துக்கு மேல். 2007-இல் ஏறத்தாழ 3.5 கோடியாக இருந்த மொத்தப் பங்குகள் பத்தாண்டுகளில் 50 கோடியைத் தாண்டின. அன்று 100 பங்கு வைத்திருந்தவரிடம் இன்றும் 100 பங்குதான் இருக்கும். நிறுவனத்தில் அவருடைய உரிமையோ பதினான்கில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. இத்தனைக்கும் வாடிக்கையாளர்கள் கூட்டமாக ஓடிவிடவில்லை. மென்பொருள் விற்றது, பராமரிப்புக் கட்டணமும் வந்தது. அந்தப் பணத்தில் யாருக்கு முதல் உரிமை என்பதைப் பத்திர ஒப்பந்தம் முன்பே முடிவு செய்திருந்தது.

மாணவருக்கு இதை அவருடைய தெருவின் மொழியிலேயே சொன்னேன். கடையில் கூட்டம் நெரிகிறது என்பதற்காக, ஒற்றியில் இருக்கும் கடையில் யாரும் பங்கு சேர மாட்டார்களே!

வாடிக்கையாளர்கள் நிறுவனத்தை விட்டே போய்விடுவதும் உண்டு. மும்பையின் ஜெனித் இன்ஃபோடெக், 2011-இல் தன் முக்கியமான சேவைப் பிரிவை அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. அந்தப் பிரிவின் வாடிக்கையாளர்களும் அதனுடன் சென்றார்கள். அதே ஆண்டில் மாற்றுப் பத்திரத் தவணையும் தவறியது. செபி 2013-இல் நடவடிக்கை எடுத்தது.

மாற்றுப் பத்திரம் எல்லாமே கேடு என்று நான் சொல்லவில்லை. பார்தி நிறுவனம் 2004-இல் வெளியிட்ட பத்திரங்கள், பங்கு விலை உயர்ந்ததால் பெரும்பாலும் பங்குகளாக மாறின, யாருக்கும் நட்டமில்லை. ஆகவே நான் முதலில் பார்ப்பது மாற்று விலையை, அதைக் கீழே இறக்க இடம் தரும் விதி உண்டா என்பதை, கடன் எந்த நாணயத்தில் என்பதை. ஆண்டறிக்கையில் ஒரு பங்குக்கான வருவாயை இரண்டு விதமாகத் தருவார்கள்; பத்திரங்கள் பங்கானால் எவ்வளவு என்று காட்டும் இரண்டாவது எண்ணைப் படிக்க வேண்டும். வாடிக்கையாளர் பட்டியலைப் பொறுத்தவரை, நிறுவனங்களின் முத்திரைச் சின்னங்களைவிட, வருவாயில் 10 விழுக்காட்டுக்கு மேல் தரும் வாடிக்கையாளர் எத்தனை பேர் என்ற கணக்குக் குறிப்பு பயனுள்ளது. அதை வெளியிடுவது கட்டாயம்.

இத்தகைய வெளியீட்டுக்குப் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் தேவை. ஆதரவு வாக்குகள் எதிர்ப்பைப்போல் குறைந்தது மூன்று மடங்காவது இருக்க வேண்டும். தவணை நெருங்கிய பிறகு வரும் தீர்மானத்தில் மறுக்க வழி குறைவு, மறுத்தால் நிறுவனமே விழும். முதல் வெளியீட்டின்போது அந்த நெருக்கடி இல்லை. சிறு பங்குதாரர் வாக்களிக்காமல் விடுவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

மாணவரின் நிறுவனத்திலிருந்து வாக்கெடுப்பு அறிவிப்பு இன்னும் வரவில்லை. மின்னஞ்சலில் வந்தால் அழிக்காமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.