மார்கழியில் தூண்டில்: ஓரத்திலா, மதகடியிலா?

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து ஏரிக்கரையில் ஒரு பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வரும். தண்ணீர் குளிர்ந்துவிட்டது, மீன் எங்கே நிற்கும்? ஓரத்துப் புல்லிலா, மதகடி ஆழத்திலா? தூண்டில் போடுபவர்களில் பாதிப் பேர் ஒரு கட்சி, மீதிப் பேர் எதிர்க்கட்சி. நான் இரண்டிலும் இருந்து பார்த்தவன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆழக் கட்சி. இப்போது ஓரக் கட்சி. ஏன் மாறினேன் என்று எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. விஷயம் மீனோடு நிற்காது, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் ஆழக் கட்சியில் சேர்ந்ததற்குக் காரணம் என் படிப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். எங்கள் பாடப் புத்தகத்தில் வந்த ஏரிகள் எல்லாம் பனிக்காலத்தில் உறைந்துபோகும் ஏரிகள். குளிர் வந்தால் 'பெர்ஷ்' என்ற மீன் கரையை விட்டு ஆழத்துக்குப் போய்விடும் என்று படித்தோம். ஊசுடேரி பக்கத்திலேயே இருந்தது. அங்கே என்ன மீன், எப்போது எங்கே நிற்கும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. மாமாவோடு ஊசுடேரிக்குப் போனால் அவர் ஓரத்தில் தக்கையைப் போட்டு உட்கார்ந்திருப்பார். நான் ஈயக்குண்டு கட்டி ஆழத்தில் எறிவேன். அவர் கூடையில் மீன் இருக்கும், என் முள்ளில் சேறு இருக்கும். "படிச்ச புள்ள, போடட்டும் விடு" என்பார்.

பாடப் புத்தகம் பொய் சொல்லவில்லை. அந்த ஊருக்கு அது சரி. நல்ல தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அதிகக் கனமாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்தால் லேசாகி மேலே வந்து உறையும். ஆகவே மேலே பனிக்கட்டி இருக்கும்போது அடியில் 4 டிகிரித் தண்ணீர் தங்கும். பனிக்கால ஏரியில் கதகதப்பான இடம் அதுதான், மீன் அங்கே போகிறது. அமெரிக்காவில் 'பாஸ்' மீன் பிடிப்பவர்களுக்கு இந்தக் கணக்குத்தான் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் பெரிய தலைவலி. கோடையில் மேலே சூடு, கீழே குளிர் என்று அடுக்கடுக்காக நின்ற தண்ணீர், குளிரத் தொடங்கியதும் மேலும் கீழுமாகக் கலந்துவிடும். முதலில் சிறு மீன்கள் ஓரத்து ஓடைகளுக்குள் வரும், பாஸ் பின்னாலேயே வரும். குளிர் இன்னும் ஏறினால் திரும்ப ஆழம். எந்த வாரம் எது என்பதில்தான் அவர்கள் சண்டை.

நம் கதை வேறு. பல்லாவரத்தில் காற்று 20, 21 டிகிரிக்கு இறங்கினாலே குல்லாய் தேடுகிறவர்கள் நாம். ஏரித் தண்ணீர் அந்த அளவுக்குக்கூடக் குளிர்வதில்லை. ஏரியும் ஆழமானதல்ல. மழை நன்றாகப் பெய்த வருஷத்திலும் மதகடியில் இரண்டு ஆள் ஆழம் இருந்தால் அதிகம். நம் முன்னோர் வெட்டிய ஏரி கிண்ணம் போன்றது அல்ல, சாய்த்து வைத்த தட்டு போன்றது. பள்ளத்துப் பக்கம் பிறை வடிவில் கரை, அங்கே மதகு, அங்கேதான் ஆழம். மேட்டுப் பக்கம் கரையே கிடையாது. தண்ணீர் மெல்ல மெல்லக் குறைந்து, முழங்கால், கணுக்கால் என்று ஆகிப் புல்லோடு முடியும்.

இந்தத் தட்டில் மார்கழி இரவு என்ன நடக்கிறது? ஓரத்தில் தண்ணீர் குறைவு, சீக்கிரம் குளிர்கிறது. குளிர்ந்த தண்ணீர் கனமாகிச் சரிவு வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. விடியும்போது ஓரம்தான் ஏரியிலேயே குளிர்ந்த இடம். வெயில் ஏறினால் எல்லாம் தலைகீழ். தண்ணீர் குறைவான ஓரமே முதலில் சூடாகிறது. மீனுக்குத் தன் உடம்பில் சூடு உண்டாக்கிக்கொள்ள முடியாது, தண்ணீரின் சூடுதான் அதற்கும். குளிரில் பசி மந்தம், கதகதப்பில் பசி வரும். ஆகவே ஒன்பது, பத்து மணி வாக்கில் அது ஓரத்துக்கு வருகிறது.

இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் ஏரியில் குத்தகைக்காரரிடம் வலை வீசிய ஒரு பெரியவர். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய பழைய தூண்டில் கழியோடு நான் ஐந்தரை மணிக்கே மதகுமேல் உட்கார்ந்திருப்பேன். பல நாள் பார்த்தவர் ஒருநாள் நின்றார்.

"ஏன் சார் இங்க குந்திக்கினு இருக்கீங்க? அடியில சேறுதான் இருக்கு. மூச்சு விட முடியாத எடத்துல மீனு ஏன் சார் நிக்கும்? வூட்டுக்குப் போய் டிபன் சாப்ட்டுட்டு வாங்க. வெயில் வந்தப்புறம் அந்தக் கோரைப் பக்கம் போடுங்க."

அவர் சொன்ன மூச்சு விஷயம் உண்மை. 30 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 25 டிகிரியில் எட்டுக்குச் சற்று மேல். குளிர்ந்தால் லாபம்தான். ஆனால் நம் புறநகர் ஏரிகளின் அடியில் இலையும் சாக்கடைக் கசடும் அழுகிக்கொண்டிருக்கிறது. அது இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். விளையாட்டு அல்ல அது, மூச்சுத் திணறல்.

எல்லா மீனுக்கும் ஒரே விதி கிடையாது. விரால் காற்றையும் சுவாசிக்கும், அடிக்கடி மேலே வந்து போக வேண்டும். புல் மறைவில் நின்று இரை தேடுகிற மீன் அது, ஓரம்தான் அதன் வீடு. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்க மீன், குளிர் ஆகாது, வெயில்பட்ட ஓரத்தைத் தேடி வரும். கெளுத்தி அடியில் மேயும், அதற்கு மட்டும் மாலைக்கு மேல் ஆழத்தில் போடலாம். வளர்ப்பு மீன்களில் கட்லா மேல்மட்டம், ரோகு நடுமட்டம், மிர்கால் அடிமட்டம்.

மொத்தத்தில் என் தீர்ப்பு இது. மார்கழியில் அதிகாலை கோயிலுக்கு, ஒன்பது மணிக்கு மேல் ஓரத்துக்கு. ஆழம் வேண்டுமானால் சித்திரை, வைகாசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் ஓரத் தண்ணீர் மதியத்தில் கொதிக்கும், மீன் மதகடியில் ஒதுங்கும். ஏரி வற்றி வற்றிக் கடைசியில் அந்த மடு மட்டும் மிஞ்சும். அடுத்த மழை வரை மீன் இனம் உயிர் தரிப்பது அதில்தான். ஆக நம் ஊரில் ஆழம் கோடைக்கு, ஓரம் குளிருக்கு. பிரெஞ்சுப் பாடத்துக்கு நேர் எதிர்.

இது வரைக்கும் பொழுதுபோக்கு. இனிச் சொல்வது அப்படி அல்ல.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் பகுதியில் ஏரியைச் சீரமைக்க வேண்டும் என்று குடியிருப்போர் சேர்ந்து மனுக் கொடுத்தோம். 2015 டிசம்பரில் முடிச்சூரும் தாம்பரமும் மூழ்கியதையும் பார்த்தோம், 2019 கோடையில் செம்பரம்பாக்கமே வறண்டதையும் பார்த்தோம். பல்லாவரம் பெரிய ஏரியை ரேடியல் ரோடு இரண்டாகப் பிளந்து போனதும், வருஷக்கணக்கில் அதில் குப்பை கொட்டப்பட்டதும் எல்லோருக்கும் தெரியும். நம் ஏரியாவது தப்பட்டும் என்ற ஆசை. மனு எழுதும் வேலை என்னிடம் வந்தது. ஆயுள் முழுக்கக் கோப்பு எழுதியவன் ஆயிற்றே. 'ஏரி முழுவதும் சீரான ஆழத்துக்குத் தூர் வாரி, சுற்றிலும் கரை அமைத்து' என்ற வாசகம் என் கையால் எழுதியது.

கேட்டபடியே நடந்தது. பொக்லைன் வந்தது. மேட்டுப் பக்கச் சரிவு முழுவதையும் வெட்டி எடுத்து, அந்த மண்ணிலேயே சுற்றிக் கரை போட்டு, மேலே நடைபாதை, விளக்கு, உட்கார பெஞ்சு. திறந்த அன்று எல்லோரும் என் கையைக் குலுக்கினார்கள். நானும் பெருமைப்பட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் விரால் குஞ்சு தென்படவில்லை. மழையில் புல்லும் கோரையும் உள்ள ஆழமில்லாத இடத்தில்தான் விரால் முட்டையிடும். செந்நிறக் குஞ்சுகள் பந்து போலச் சேர்ந்து நீந்தும், தாய் தகப்பன் இரண்டும் கீழேயே காவல் நிற்கும். நாற்பது வருஷமாக நான் பார்த்த காட்சி. கோரையும் போயிற்று, முழங்கால் தண்ணீரில் நின்று இரை கொத்திய கொக்கும் போயிற்று. நீர்க்காகம் மட்டும் வருகிறது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்தது. தூண்டில் போட வந்த பையன், பத்து வயது இருக்கும், கால் வைத்தவன் அப்படியே உள்ளே போய்விட்டான். முன்பு அந்த இடத்தில் பத்தடி நடந்தாலும் முழங்கால்தான். இப்போது முதல் அடியிலேயே ஆள் ஆழம். நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் குதித்து இழுத்துப் போட்டார். பையன் பிழைத்துக்கொண்டான். நான் பெஞ்சில் உட்கார்ந்து கத்தியதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 'சீரான ஆழம்' என்ற இரண்டு வார்த்தைகள்தான் கண் முன்னால் நின்றன.

மறுபக்க வாதமும் எனக்குத் தெரியும். ஆழப்படுத்தினால் தண்ணீர் அதிகம் நிற்கும், உண்மை. ஆழமில்லாத தண்ணீர் வெயிலில் சீக்கிரம் ஆவியாகும், அதுவும் உண்மை. எல்லாவற்றையும்விடப் பலமான வாதம் ஆக்கிரமிப்பு. வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கும் ஓரத்தில்தான் முதல் குடிசை, பிறகு சுவர், பிறகு பட்டா. கரை போட்டு அடைத்தால்தான் ஏரி மிஞ்சும் என்கிறார்கள். இத்தனை வருஷம் இந்தப் புறநகர்ப் பக்கம் குடியிருப்பவனால் அதை மறுக்க முடியாது.

ஆனால் ஆக்கிரமிப்புக்கு மருந்து எல்லையைக் காப்பதுதான், சரிவை வெட்டுவது அல்ல. முழு நீர்மட்டம் எது என்று அளந்து, அதற்கு வெளியே எல்லைக் கல்லும் வேலியும் போடட்டும். 2007ஆம் ஆண்டே ஏரி பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றச் சட்டம் தமிழ்நாட்டில் வந்துவிட்டது. நடைபாதை எல்லைமேல் வரட்டும். உள்ளே மதகுப் பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் ஆழப்படுத்தட்டும், மேட்டுப் பக்கச் சரிவைச் சரிவாகவே விடட்டும். தண்ணீர் கொஞ்சம் குறையும். அந்தக் குறையை நான் ஒத்துக்கொள்கிறேன். தண்ணீரைச் சேமிக்க மட்டும் ஒரு பள்ளம் வேண்டுமானால், மாங்காட்டுப் பக்கம் சிக்கராயபுரத்தில் கல்குவாரிக் குட்டைகள் இருக்கின்றன. 2017 வறட்சியில் அங்கிருந்து சென்னைக்குக் குடிநீர் எடுத்தார்கள். நல்லதுதான். ஆனால் குவாரியை யாரும் ஏரி என்று சொல்வதில்லை.

ஆழமில்லாத தண்ணீர் வீண் என்ற எண்ணமே தவறு. நம் கிழக்குப் பக்க ஏரிகளின் உபரி நீர் கடைசியில் போய்ச் சேரும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பெரும்பாலும் முழங்கால், இடுப்பளவுத் தண்ணீர்தான். அதைத்தான் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்த்து உலக அளவில் மதித்திருக்கிறார்கள். அங்கே மதிக்கிறதை நம் தெருமுனை ஏரியில் பொக்லைன் வைத்து வெட்டுவானேன்?

தாம்பரம் மாநகராட்சி 2021இல் வந்த பிறகு பல்லாவரம், பம்மல், செம்பாக்கம் எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்துவிட்டன. நம் பகுதியில் இன்னும் சீரமைக்காத ஏரிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றாக முறை வரும். அப்போது யாராவது மனு எழுதுவீர்கள். என் பழைய நகலைக் கேட்டு ஏற்கெனவே இரண்டு பேர் வந்தார்கள். கொடுத்தேன், ஆனால் 'சீரான ஆழம்' என்பதை அடித்துவிட்டு, 'மதகுப் பக்கம் ஆழமாகவும், எதிர்ப்பக்கம் படிப்படியான சரிவாகவும்' என்று திருத்திக் கொடுத்தேன். எங்கள் ஏரிக்கும், ஒரு மூலையிலாவது மண் போட்டுச் சரிவைத் திரும்பக் கொண்டுவரக் கேட்டுப் புதிய மனு தயார். எட்டுக் கையெழுத்து ஆகியிருக்கிறது.

கலங்கல் பக்கம் பொக்லைன் போக முடியாமல் விட்ட ஒரு சின்னத் துண்டு ஓரம் இன்னும் இருக்கிறது. கோரையும் கொஞ்சம் இருக்கிறது. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் அங்கே வரலாம். காலை ஒன்பது மணிக்கு மேல் வாருங்கள், டிபன் சாப்பிட்டுவிட்டு.