பழைய பேஸ் கிட்டாரைத் தொடாதே என்பவர்களுக்கு...

அறுபது வயசான ஒரு ஃபெண்டர் பேஸ் கிட்டார். குமிழைத் திருகினால் கரகரவென்று சத்தம். கழுத்து வளைந்து, கம்பி எட்டி நிற்கிறது. கீழே சுருதி சேர்கிறது, மேலே போனால் விலகுகிறது. சரி பண்ணலாமா என்று வைத்திருப்பவர் வாயைத் திறந்தால் போதும், ஒரு கூட்டம் வந்துவிடும். "ஐயையோ, கையை வைக்காதீங்க! ஒரிஜினல் பார்ட் ஒண்ணு மாறினாலும் விலை போச்சு!"

இதைவிட அபத்தமான அறிவுரை இருக்க முடியாது.

பேஸ் கிட்டார் என்றால் என்ன என்று கேட்பவர்கள் இளையராஜா பாட்டு எதையாவது நல்ல ஹெட்போனில் கேட்கலாம். அடியில் ஓடிக்கொண்டே பாட்டைத் தூக்கிப் பிடிக்கும் அந்தக் கனமான நாதம்தான் பேஸ். 1951-ல் பிரசிஷன் பேஸைக் கொண்டுவந்து மின்சார பேஸ் கிட்டாரை உலகமெங்கும் பரப்பியவர் கலிஃபோர்னியாவின் லியோ ஃபெண்டர்.

இவர் யார் தெரியுமா? காலேஜில் படித்தது அக்கவுண்டிங். கொஞ்ச காலம் கணக்கு எழுதும் வேலை. 1938-ல் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை. ரிப்பேர்காரர் செய்த கிட்டார் ரிப்பேருக்கு வசதியாகத்தானே இருக்கும்? கழுத்தைப் பசை போட்டு ஒட்டாமல் நாலு ஸ்க்ரூவில் மாட்டினார். 1960-களின் ஃபெண்டர் பேஸில் கழுத்து வளைவை நிமிர்த்தும் கம்பியின் திருகு உடம்போடு சேரும் முனையில் இருக்கிறது. பெரும்பாலும் கழுத்தைத் தளர்த்தித்தான் அதைத் திருகவே முடியும். அதாவது, கழட்டு என்று சொல்லித்தான் தயாரித்தவரே கொடுத்திருக்கிறார். அவரும் சும்மா இருக்கவில்லை. முதல் பிரசிஷன் பேஸில் இருந்த ஒற்றை பிக்கப்பை 1957-ல் எடுத்துவிட்டு, இரண்டாகப் பிரிந்த புது பிக்கப்பை வைத்தார்.

இப்போது கணக்குக்கு வருவோம். பி.காம். முதல் வருஷத்துப் பசங்களுக்கே தெரிந்த விஷயம் இது. பர்னிச்சர் கடைக்காரருக்கு நாற்காலி சரக்கிருப்பு. அதில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆபீசுக்கு அதே நாற்காலி நிலைச்சொத்து. வாங்கி விற்பவருக்கு பழைய பேஸ் சரக்கு. வாசிப்பவருக்கு அது நிலைச்சொத்து. சொத்தை ஓட வைக்கச் செய்யும் பழுதுபார்ப்பு வருவாயினச் செலவு. திறனைக் கூட்டச் செய்வது முதலினச் செலவு. இரண்டுமே நியாயமான செலவுதான். வியாபாரி தன் சரக்குக்குச் சொல்லும் விதியை வாசிப்பவர் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

ஜேக்கோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸைப் பாருங்கள். ஃப்ரெட்டெல்லாம் பிடுங்கப்பட்டு, இடுக்குகள் அடைக்கப்பட்டு, மேலே படகுக்குப் பூசும் எபாக்சி! ஒரிஜினல் பக்தர்கள் பார்த்தால் மயங்கி விழுவார்கள். அப்புறம் அது உடைந்து, ஒட்டப்பட்டு, 1986-ல் திருடும் போய், 2006-ல் கிடைத்தது. பேஸ் உலகம் கொண்டாடும் கருவிகளில் ஒன்று அது. மார்க்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பேஸுக்கு ரோஜர் சடோவ்ஸ்கி ப்ரீஆம்ப் பொருத்தினார், பிரிட்ஜும் மாறியது. பின்னால் அதே மாதிரி மாற்றங்களோடு மில்லர் பெயரிலேயே ஃபெண்டர் ஒரு மாடல் விற்றது.

"அப்போ அதெல்லாம் பழம்பொருள் இல்லையே" என்பார்கள். விஷயமே அதுதானே! அவர்கள் அதை வாசிக்கும் கருவியாகப் பார்த்தார்கள். கம்பியே மாற்றாத ஜேம்ஸ் ஜேமர்சனை உதாரணம் காட்டுவார்கள். அவருக்கு அந்த மங்கிய நாதம் பிடித்திருந்தது, விட்டுவைத்தார். விலை குறையும் என்று பயந்து அல்ல.

அதற்காக ரம்பத்தை எடுக்கச் சொல்லவில்லை. புது பிக்கப் வைக்க மரத்தைக் குடைவது, பழைய பெயிண்டைச் சுரண்டுவது எல்லாம் திரும்ப வராத நஷ்டம். கோடு எங்கே என்றால், ஸ்க்ரூ டிரைவரும் சால்டரிங் இரும்பும் போதுமான வேலை சரி; மரத்தை வெட்டினால்தான் முடியும் என்றால் பத்து தடவை யோசிக்க வேண்டும். கரகரக்கும் குமிழுக்குப் பல நேரம் கான்டாக்ட் கிளீனர் அடித்தாலே போதும். சுருதி விலகினால் பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டை முன்னே பின்னே நகர்த்தலாம். தேய்ந்த ஃப்ரெட்டை மாற்றலாம். ப்ரீஆம்ப் வேண்டுமா, பழைய வயரிங்கை அப்படியே கழட்டி, கவரில் போட்டு, தேதி எழுதி கேஸுக்குள் வைக்கலாம். நாளைக்கு விற்கும்போது வாங்குபவர் திருப்பி மாட்டிக்கொள்ளட்டும். விலையும் பெரிதாகப் போகாது, வாசிப்பும் நிற்காது.

ஒரு கைகூடப் படாத பேஸ் ஒன்றிரண்டு மியூசியத்தில் இருக்கட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வாசிக்க ஆசைப்பட்டு வாங்கியவனை வாட்ச்மேன் ஆக்காதீர்கள். குமிழ் கரகரக்கிறதா? முதலில் அதைச் சரி பண்ணட்டும். விலையை விற்கிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.